ரேடார் அலையும் மனித உடலும்: ராணுவங்கள் போட்ட வெப்பக் கணக்கு

1935 தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகம் ராபர்ட் வாட்சன்-வாட் என்ற வானொலி ஆய்வாளரிடம் ஒரு கேள்வி கேட்டது. பறந்து வரும் எதிரி விமானியை ரேடியோ அலையால் வீழ்த்த முடியுமா? நூறு கஜம் தள்ளி நிற்கும் ஓர் ஆட்டை அலையாலேயே கொன்று காட்டுபவருக்கு ஆயிரம் பவுண்டு தருவதாக அதே அமைச்சகம் முன்பே சொல்லியிருந்தது. அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை.

வாட்சன்-வாட் இந்தக் கேள்வியை உருமாற்றித் தன் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் கொடுத்தார். எட்டு பைன்ட் தண்ணீர், ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105-க்குச் சூடாக்க எவ்வளவு ரேடியோ திறன் வேண்டும்? எட்டு பைன்ட் என்பது ஓர் ஆளின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு என்பது வில்கின்ஸுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். எட்டு பைன்ட் என்றால் சுமார் நாலரை லிட்டர். ஏழு டிகிரி ஃபாரன்ஹீட் என்பது செல்சியஸில் நாலு டிகிரிக்குச் சற்றே குறைவு. இதற்கு வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 74,000 ஜூல். பத்து நிமிடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று வைத்தால் விநாடிக்கு 123 ஜூல், அதாவது 123 வாட். கேட்கச் சின்ன எண்தான்; வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பு அளவு. ஆனால் அலை பரவும்போது நீர்த்துப்போகிறது. ஐந்து கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் பரப்பு 31 கோடி சதுர மீட்டருக்கு மேல். விமானியின் உடம்பு அதில் ஒரு சதுர மீட்டரைப் பிடித்துக்கொள்கிறது என்று தாராளமாக வைத்தாலும், எல்லாத் திசையிலும் பரவும் ஒலிபரப்பியின் திறன் சுமார் 39,000 மெகாவாட் இருக்க வேண்டும். ஆன்டெனாவால் ஆயிரம் மடங்கு குவித்தாலும் 39 மெகாவாட். அன்றைய மிகப் பெரிய வானொலி நிலையங்களே சில நூறு கிலோவாட்டில்தான் ஓடின. விமானத்தின் உலோக உடல் அலையைத் தடுப்பதையும், விமானியின் உடம்பு வியர்த்து வெப்பத்தை வெளியேற்றுவதையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆகவே 'மரணக் கதிர்' நடக்காத காரியம் என்று பதில் போயிற்று. கூடவே, விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடித்தால் அது எங்கே வருகிறது என்று அறியலாமே என்ற யோசனையும் போயிற்று. 1935 பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரி அருகே அதைச் சோதித்தார்கள். பிரிட்டிஷ் ரேடார் அப்படித்தான் பிறந்தது. உயிரைச் சூடாக்கும் கணக்கிலிருந்து பிறந்த கருவி, பின்னர் அதே கணக்கை ஒவ்வொரு ராணுவத்தின் மேசைக்கும் திரும்பக் கொண்டுவந்தது. இம்முறை கேள்வி எதிரியைப் பற்றியதல்ல. ரேடாருக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கும் நம் ஆளுக்கு என்ன ஆகும்?

அலை உடம்பில் செய்வது என்ன

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லை எக்ஸ்ரேவுக்கும் சொல்கிறோம், ரேடியோ அலைக்கும் சொல்கிறோம். எக்ஸ்ரே அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும், அதனால் டி.என்.ஏ. சேதமாகும். அப்படிப் பிய்க்கச் சுமார் பத்து எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 300 கோடி முறை அதிரும் ரேடார் அலையின் ஒரு ஃபோட்டானிடம் (அலையின் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலம்) இருப்பது ஏறக்குறைய அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எத்தனை ஃபோட்டான்கள் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியே பலமற்றதுதான். அவை செய்வது வேறு வேலை. மின்புலம் விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறும்போது உடம்பிலுள்ள நீர் மூலக்கூறுகளும் உப்பு அயனிகளும் அதோடு அசைந்து உராய்கின்றன. உராய்வு வெப்பமாகிறது.

வெப்பம் எவ்வளவு ஆழத்தில் உண்டாகிறது என்பதுதான் இங்கே முக்கியம். மைக்ரோவேவ் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை தசையில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். 10 கிகாஹெர்ட்ஸில் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடும். 95 கிகாஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதிர்வெண் கூடக்கூட அலை தோலிலேயே தங்கிவிடுகிறது.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் கொட்டுகிறது. அது தோலின் மேலேயே நின்று சுடுகிறது, நாம் நிழல் தேடி ஓடுகிறோம். சூட்டை உணரும் நரம்பு முனைகள் தோலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே இருப்பதால் எச்சரிக்கை உடனே வருகிறது. இரண்டு சென்டிமீட்டர் இறங்கும் அலையோ அந்தக் காவல் அடுக்கைத் தாண்டிப் போய்த் தசையில் வெப்பத்தை இறக்குகிறது. தோல் 'இதமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வெந்துகொண்டிருக்கலாம். ரேடார் வேலையில் 'சுடவில்லையே' என்பதை ஒருபோதும் பாதுகாப்புக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உடம்பில் வெப்பத்தை அள்ளிச் செல்வது ரத்த ஓட்டம். அது இல்லாத இடம் விழிலென்ஸ். அதில் ஒரு ரத்தக் குழாய்கூடக் கிடையாது. தண்ணீர் ஓடாத குட்டைபோல அங்கே வெப்பம் தேங்கிவிடுகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுத்துப்போகிறதே, அதைப் போல லென்ஸின் புரதம் மங்கிக் கண்புரை ஆகிறது. முயல்களில் செய்த சோதனைகளில், சதுர சென்டிமீட்டருக்கு நூறு மில்லிவாட்டுக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாகக் கண்ணருகே செலுத்தியபோது, லென்ஸ் 41 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டி, புரை வந்தது. மைக்ரோவேவால் மனிதருக்கு வந்த கண்புரை பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1952-இல் அமெரிக்காவில் வெளியானது. விதைப்பைகளுக்கும் ஆபத்து அதிகம். அவை உடம்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும்.

ஒரே ரேடார், இரண்டு வட்டங்கள்

எவ்வளவு வரை நிற்கலாம் என்பதற்கு முதல் தெளிவான எண் 1953-இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஷ்வான் அமெரிக்கக் கடற்படைக்குச் சொன்ன அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட், அதாவது சதுர மீட்டருக்கு 100 வாட். அவர் தர்க்கம் மிக எளிமையானது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தைத் தானே உண்டாக்கி வெளியேற்றுகிறான். அலையை நோக்கி நிற்கும் உடம்பின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். அதில் 100 வாட் விழுந்தால் உடம்புக்கு இரட்டிப்பு வேலை. மாடிப்படி ஏறுவதைப் போல. சமாளித்துக்கொள்ளும்.

1957 முதல் 1960 வரை அமெரிக்காவின் முப்படைகளும் சேர்ந்து, விமானப்படையின் தலைமையில், நாய்களிலும் முயல்களிலும் எலிகளிலும் பெரிய அளவில் சோதனை நடத்தின. அந்த எண்ணை மாற்ற வேண்டிய காரணம் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1966-இல் அதுவே அமெரிக்கத் தர அளவு ஆனது. ஆறு நிமிடச் சராசரி என்ற நிபந்தனையோடு.

அதே 1950-களின் கடைசியில் சோவியத் யூனியன் வைத்த அளவு, முழு வேலைநாளுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோவாட். அமெரிக்க அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது வெறும் தாள்கணக்கல்ல. ஒரு ரேடாரை எடுத்துக்கொள்வோம். உச்சத் திறன் ஒரு மெகாவாட். ஒரு மைக்ரோவிநாடி நீளத் துடிப்புகள், விநாடிக்கு ஆயிரம். அப்படியானால் ரேடார் உண்மையில் 'பேசும்' நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு. சராசரித் திறன் ஒரு கிலோவாட். ஆன்டெனா 2,000 மடங்கு குவிக்கிறது. சராசரித் திறனை ஆன்டெனாவின் குவிப்பால் பெருக்கி, அந்தத் தூரத்துக் கோளப் பரப்பால் வகுத்தால் அங்கே விழும் திறன் அடர்த்தி கிடைக்கும். கற்றைக்கு நேர் எதிரே, அமெரிக்க அளவுப்படி 40 மீட்டருக்கு அப்பால் நிற்கலாம். சோவியத் அளவுப்படி 1,260 மீட்டருக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். முதல் வட்டம் ஒரு கப்பல்தளத்துக்குள் அடங்கும். இரண்டாவதை வைத்துக்கொண்டு எந்த விமானந்தாங்கிக் கப்பலிலும் ரேடாரை ஓட்ட முடியாது. பாதுகாப்பு எண் ஒன்று எங்கே நிற்கிறது என்பதில் ராணுவங்களுக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டாம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? சோவியத் தொழில்நல மருத்துவர்கள் ரேடார் தொழிலாளர்களிடம் தலைவலி, களைப்பு, தூக்கக் கேடு, எரிச்சல் ஆகியவற்றைக் குறித்துவைத்தார்கள். அதை ஒரு நோயாகவே பார்த்து, மிகச் சிறு மாற்றம்கூட வராத அளவைத் தேடினார்கள். அமெரிக்கர்கள் காயம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து பத்து மடங்கு கீழே இறங்கினார்கள். சோவியத் அறிக்கைகளில் தொழிலாளி வாங்கிய அளவு பெரும்பாலும் சரியாகப் பதிவாகவில்லை. சத்தமும் சூடும் இரவுப்பணியும் நிறைந்த அறையில் வேலை செய்பவருக்குத் தலை வலித்தால், அலைதான் காரணமென்று பிரித்துச் சொல்வது கடினம். அதற்காக அந்த மருத்துவர்களை ஒதுக்கிவிடவும் கூடாது. தொழிலாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் அவர்கள்.

மாஸ்கோ தூதரகம்

1953 முதல் 1976 வரை மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் மேல்மாடிகளை நோக்கி, சோவியத் தரப்பிலிருந்து, மைக்ரோவேவ் கற்றை ஒன்று வீசப்பட்டு வந்தது. அதிர்வெண் பெரும்பாலும் 2.5 முதல் 4 கிகாஹெர்ட்ஸ். 1975 வரை அளந்ததில் உச்ச அளவு சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோவாட். கடைசி மாதங்களில் 18 வரை போயிற்று. அமெரிக்காவின் சொந்த அளவை வைத்துப் பார்த்தால் 5 மைக்ரோவாட் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, ஒரு பொருட்டே அல்ல. சோவியத் அளவை வைத்துப் பார்த்தால் பாதி. 'அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லையோ' என்ற சந்தேகம் வாஷிங்டனில் எழுந்தது இந்த இடைவெளியில்தான்.

1965-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான ஆர்பா 'பண்டோரா' என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மாஸ்கோ சிக்னலைப் போலவே அலையை உண்டாக்கி, வால்ட்டர் ரீட் ராணுவ ஆய்வுக்கூடத்தில் குரங்குகள்மீது செலுத்தினார்கள். குரங்குகளின் வேலைத்திறன் பாதிக்கப்படுகிறது என்று திட்டத்தை நடத்திய ரிச்சர்ட் செஸாரோ முதலில் நம்பினார். பிறகு அமைந்த மறுஆய்வுக் குழு தரவுகள் அதற்கு ஆதாரம் தரவில்லை என்று சொல்ல, திட்டம் மூடப்பட்டது.

இதற்கிடையே தூதரக ஊழியர்களின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார்கள். ஊழியர்களிடம் சொன்ன காரணம், வைரஸ் ஆய்வு. தங்கள் ஜன்னலில் அலை விழுகிறது என்ற செய்தி அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தவர்களுக்கு 1976-இல்தான் முறையாகச் சொல்லப்பட்டது. அவர்கள் வாங்கிய அலையின் அளவைவிட, அதை மறைத்ததுதான் பெரிய குற்றமாகத் தெரிகிறது. 1978-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆப்ரகாம் லிலியன்ஃபெல்ட் குழு, மாஸ்கோவில் வேலை பார்த்த 1,800-க்கும் மேற்பட்டவர்களைப் பிற கிழக்கு ஐரோப்பியத் தூதரக ஊழியர்களோடு ஒப்பிட்டது. இறப்பிலோ நோயிலோ அலையோடு பிணைக்கக்கூடிய வேறுபாடு கிடைக்கவில்லை.

முதுகில் தூக்கிய ரேடியோவும் உடம்பின் நீளமும்

ஷ்வானின் எண்ணில் ஒரு குறை இருந்தது. உடம்புக்கு வெளியே விழுவதை அளந்ததே தவிர, உள்ளே எவ்வளவு இறங்குகிறது என்று அது பார்க்கவில்லை. மனித உடம்பே ஓர் ஆன்டெனா. 1.75 மீட்டர் உயர ஆள், அலையின் மின்புலத்துக்கு இணையாக நின்றால், 70 மெகாஹெர்ட்ஸ் அருகே மிக அதிகமாக உறிஞ்சுகிறார். அந்த அலையின் நீளத்தில் அவர் உயரம் பத்தில் நாலு பங்கு. வெறுங்காலோடு தரையில் நின்றால் இது 35 அல்லது 40 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காலாட்படை முதுகில் சுமக்கும் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) ரேடியோவின் அலைவரிசை 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன.

எனவே கணக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை வாட் உறிஞ்சப்படுகிறது என்று மாறியது. அமெரிக்கக் கடற்படையின் பென்சகோலா ஆய்வுக்கூடத்தில், தீனிக்காக நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளையும் குரங்குகளையும் அலையில் வைத்தார்கள். கிலோவுக்குச் சுமார் 4 வாட் அளவில், உடல் வெப்பம் ஒரு டிகிரி கூடும் நேரத்தில், அவை வேலையை விட்டுவிட்டன. 75 கிலோ ஆளுக்கு இது 300 வாட். கிலோவுக்கான அந்த 4 வாட்டில் பத்தில் ஒரு பங்கான 0.4 வாட் தொழிலாளிக்கு; ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட் பொதுமக்களுக்கு. இன்று உலகின் பல நாடுகளில் பயன்படும் வரம்புகளுக்கு அடியில் கிடப்பது பசித்த அந்த விலங்குகளின் நடத்தைதான்.

தலைக்குள் கேட்ட 'க்ளிக்'

வெப்பக் கணக்கில் அடங்காதது என்று நெடுநாள் நினைத்த விளைவு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே, ரேடார் துடிக்கும்போது தலைக்குள் 'க்ளிக்' என்றோ ரீங்காரமாகவோ கேட்பதாக ஆன்டெனா அருகே நின்றவர்கள் சொன்னார்கள். 1962-இல் ஆலன் ஃப்ரே இதை முறையாகச் சோதித்து வெளியிட்டார். வெளிக்காதும் நடுக்காதும் பழுதானவர்களுக்குக்கூடக் கேட்டது. 1974-இல் ஃபாஸ்டரும் ஃபின்ச்சும் விடை கண்டார்கள். ஒரு துடிப்பு மூளைத் திசுவை ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு அளவே சூடாக்குகிறது. ஆனால் சில மைக்ரோவிநாடிக்குள் சூடாக்குவதால் திசு சட்டென்று விரிந்து ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. அது எலும்பு வழியாக உள்காதைத் தட்டுகிறது. இதுவும் வெப்பம்தான், வேகமான வெப்பம்.

இதை ஆயுதமாக்க முடியுமா என்று 2003-இல் அமெரிக்கக் கடற்படை 'மெடூசா' என்ற சிறு ஒப்பந்தத்தின் வழியே பார்த்தது. கணக்குப் போட்டால் தடை எங்கே என்று தெரியும். மேலே சொன்ன வெப்ப உயர்வு, கேட்டும் கேட்காத ஒலிக்கு உரியது. காதை நோகச் செய்ய 120 டெசிபெல் வேண்டும் என்றால் அழுத்தம் பத்து லட்சம் மடங்கு கூட வேண்டும். வெப்பமும் அதே மடங்கு கூடும். ஒரு துடிப்புக்கே ஐந்து டிகிரி! சத்தம் வலிக்கும் முன்னே மூளை வெந்துவிடும்.

2016-இல் கியூபாவின் தலைநகர் ஹவானாவிலுள்ள அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் திடீர் ஒலி, தலைச்சுற்றல், காதுவலி என்று முறையிட்டபோது இந்த விளைவு மறுபடி பேச்சுக்கு வந்தது. 2020-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகக் குழு, துடிப்பு மைக்ரோவேவ் மற்ற விளக்கங்களைவிடப் பொருந்துவதாகச் சொன்னது. 2023-இல் அமெரிக்க உளவு நிறுவனங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தாக்குதலுக்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று மதிப்பிட்டன. 2024-இல் தேசிய சுகாதார நிறுவனம் எடுத்த மூளைப் படங்களில் மற்றவர்களோடு குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாஸ்கோவில் அலையை அளந்து வைத்திருந்தார்கள், நோய் கிடைக்கவில்லை. ஹவானாவில் நோயாளிகள் இருந்தார்கள், அலையின் அளவீடு ஒன்றுகூட இல்லை.

வலியை மட்டும் தரும் கற்றை

வெப்பக் கணக்கு ஆயுதமாகவே வந்தது ஓர் இடத்தில். 2001-இல் அமெரிக்க ராணுவம் வெளியே சொன்ன 'ஆக்டிவ் டினையல் சிஸ்டம்' 95 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அலை தோலில் சுமார் 0.4 மில்லிமீட்டரே இறங்கும், சூட்டு நரம்புகள் இருக்கும் அதே அடுக்கு. 94 கிகாஹெர்ட்ஸில் தன்னார்வலர்களுக்கு மூன்று விநாடி கொடுத்துப் பார்த்த சோதனையில், சதுர சென்டிமீட்டருக்கு 1.25 வாட் அளவில் வலி தொடங்கியது. தோல் 34 டிகிரியிலிருந்து 43.9 டிகிரிக்கு ஏறியிருந்தது. வலிக்கும் தீக்காயத்துக்கும் நடுவே சில விநாடிகளே உண்டு. ஆள் கற்றையை விட்டு விலகி ஓடுவார் என்ற நம்பிக்கையில்தான் முழு வடிவமைப்பும் நிற்கிறது. ஓட இடமில்லாத கூட்டத்தில் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை. 2007-இல் ஒரு சோதனையின்போது விமானப்படை வீரர் ஒருவருக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டது. 2010-இல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பி, பயன்படுத்தாமலே திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் காயம் எங்கே நடக்கிறது

மனக்கட்டுப்பாடு, ரகசியக் கற்றை என்று எழுதித் தள்ளுகிறவர்கள் கண்ணில் படாத இடம், ரேடாரைப் பழுதுபார்ப்பவரின் பணியிடம்.

முன்பு சொன்ன ஒரு கிலோவாட் ரேடாரில் ஆன்டெனாவுக்கு அலையைக் கொண்டுபோவது வேவ்கைடு என்ற செவ்வகக் குழாய். உள்ளளவு 72 மில்லிமீட்டருக்கு 34 மில்லிமீட்டர். அதைக் கழற்றிய நிலையில் ஒலிபரப்பி ஓடினால், திறந்த வாயில் சதுர மீட்டருக்கு 4 லட்சம் வாட். பழைய அமெரிக்க வரம்பைப் போல 4,000 மடங்கு. உள்ளே தூசி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் கண்தான் முதலில் பலியாகும்.

அடுத்தது, நின்றுபோன ஆன்டெனா. சுழலும்போது கற்றை ஓர் ஆளைத் தொடும் நேரம் நூறில் ஒரு பங்கு அளவுதான். அந்தச் சராசரியை வைத்துப் போட்ட பாதுகாப்பு வட்டம், மோட்டார் நின்று கற்றை ஒரே திசையில் வீசத் தொடங்கியதும் செல்லாது. கப்பல்களில் இன்னொன்றும் உண்டு. 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் ஒலிபரப்பி ஓடும்போது, கிரேனிலிருந்து தொங்கும் எஃகுக் கயிறு ஆன்டெனாபோல அலையைப் பிடித்துக்கொள்ளும். கொக்கியைக் கையால் பற்றியதும் தொட்ட இடத்தில் சிறிய, ஆழமான தீப்புண். ஒலிபரப்பியின் திறனைக் குறைப்பார்கள், அல்லது கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவே மின்கடத்தாத இணைப்பை வைப்பார்கள்.

ஜெர்மனியில் மேற்கிலும் கிழக்கிலுமாகப் பல ஆண்டுகள் ரேடார்களைப் பழுதுபார்த்த ராணுவத்தினருக்குப் புற்றுநோயும் கண்புரையும் வந்தன. 2003 ஜூலையில் அறிக்கை தந்த ரேடார் ஆணையம் காட்டிய முக்கியக் காரணம் மைக்ரோவேவ் அல்ல; பல்லாயிரம் வோல்ட்டில் ஓடிய மின்னணு வெற்றிடக் குழாய்களிலிருந்து கசிந்த எக்ஸ்ரே. கவசத் தகட்டைக் கழற்றி, மின்சாரம் ஓடும்போதே மணிக்கணக்கில் சரிசெய்தவர்கள் அவர்கள். கருவிகளின் ஒளிரும் முட்களில் பூசிய கதிரியக்க ரேடியம் வேறு. எல்லோர் கண்ணும் ஆன்டெனாவை நோக்கியிருந்தபோது, கேடு முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து வந்தது. யார் எவ்வளவு வாங்கினார் என்ற பதிவு பல ஆண்டுகளுக்கு இல்லாததால், குறிப்பிட்ட வேலைகளைச் செய்திருந்தாலே நோயைப் பணிப்பாதிப்பாக ஏற்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது.

பெட்டியைத் திறக்கும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மின்சாரத்தை நிறுத்து, சாவியை எடுத்து உன் பையில் போட்டுக்கொள், சுவிட்சில் எச்சரிக்கைச் சீட்டைக் கட்டு, மின்தேக்கிகளைத் தரைக்கம்பியால் தொட்டு வடித்துவிடு, அளவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார், அதன் பிறகு முதல் திருகாணி.